இடப்பக்கத்துப் பந்து

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு டிரைவருக்கு நான்கு புள்ளி போட்டார்கள்.

புள்ளி போட வந்தவர் ஒல்லியான பிசியோதெரபிஸ்ட். சக்கர நாற்காலிக் கூடைப்பந்துச் சங்கம் அனுப்பிய ஆள். ஆட்டக்காரனின் உடம்பு எதுவரை சொன்ன பேச்சைக் கேட்கும், எங்கே கேட்காது என்று பார்த்து ஒரு எண்ணைப் போடுவது அவர் வேலை. மார்புக்குக் கீழே எதுவும் அசையாதவருக்கு ஒன்று. ஒரு பாதம் மட்டும் போனவருக்கு நாலரை. மற்றவர்கள் இரண்டுக்கும் நடுவில்.

"நாலு," என்றார் அவர், தாளைப் பார்த்தபடி.

டிரைவர் முதுகை நிமிர்த்திக்கொண்டான். "நன்றி சார்."

சமையல்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவன் தோளில் ஒரு அறை விட்டார். "வாடா நாலு. என் கிளாஸுக்கே வந்துட்ட." பதினெட்டு வருஷம் ராணுவ முகாம்களில் அண்டா அண்டாவாகச் சமைத்தவர். வலது கால் முழங்காலுக்கு மேலே போயிருந்தது. அவருக்கும் நாலு.

டிரைவர் பதினொரு வருஷம் ராணுவ லாரி ஓட்டினான். கடைசி நாளன்று முன்சக்கரத்துக்கு அடியில் சாலை வெடித்தது. இரண்டு கால்களும் தொடையோடு போயின. வலப்பக்கம் பாதித் தொடை மிஞ்சியது. இடப்பக்கம் ஒரு சாண்கூட இல்லை. இடுப்பெலும்பைத் தகடு வைத்து முடுக்கியிருந்தார்கள்.

அந்த நாலு அவனுக்குப் பதவி உயர்வு மாதிரி இருந்தது. அரை நிமிஷம் இருந்தது.

டீச்சர் வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தார். பகலில் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. சாயங்காலம் இவர்களுக்குப் பயிற்சியாளர். முதல் நாள் எல்லோரும் நாற்காலியிலேயே விறைத்துக்கொண்டு "மேடம்" என்றபோது, "டீச்சர்னா போதும். பிள்ளைங்க அப்படித்தான் கூப்பிடும்," என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பீரங்கி சுட்டவர்கூட அவருடைய விசிலுக்குப் பயந்தார்.

"பதினஞ்சு வருது," என்றார் டீச்சர்.

சமையல்காரர் நாற்காலியை ஒரு அடி பின்னால் உருட்டினார்.

களத்தில் இருக்கும் ஐந்து பேரின் புள்ளிகளைக் கூட்டினால் பதினான்கைத் தாண்டக் கூடாது. அது ஆட்டத்தின் சட்டம். இல்லாவிட்டால் ஒவ்வொரு அணியும் குறைவாக இழந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளும். அதிகம் இழந்தவர்கள் பெஞ்சில் காய்வார்கள்.

பீரங்கிப் படையிலிருந்து வந்த நெட்டையர் பீரங்கிக்கு நாலரை. சமையல்காரருக்கு நாலு. முதுகில் குண்டு வாங்கிய வயர்லெஸ்ஸுக்கு ஒன்றரை. பெயிண்டருக்கு ஒன்று. மொத்தம் பதினொன்று. மூன்று மாதமாக இந்த நான்கு பேரோடு ஐந்தாவதாக ஓடிக்கொண்டிருந்தவன் டிரைவர். அவனுக்கு மூன்று வரும் என்ற நம்பிக்கையில்தான் டீச்சர் அணியைக் கட்டியிருந்தார்.

"தபாலுக்கு ரெண்டரை," என்றார் டீச்சர். "தபால் உள்ள வந்தா பதிமூணரை. சரியா வரும்."

ராணுவத் தபால் பிரிவில் கடிதம் பிரித்தவன் தபால். அவன் பெஞ்சிலிருந்து, "எனக்கு பெஞ்சே சௌகரியமா இருக்கு டீச்சர்," என்றான்.

"உங்களைக் கேக்கலை."

டீச்சர் பதிவேட்டை மூடினார். டிரைவர் பக்கம் திரும்பி ஒரு தாளை நீட்டினார்.

"சனிக்கிழமை முதல் ஆட்டம். புள்ளி போட்டவரே வந்து பாத்து உறுதி பண்ணுவார். பண்ணிட்டா இந்த வருஷம் முழுக்க நாலுதான். மாத்தணும்னா இதை எழுதி நாளைக்குள்ள குடுக்கணும். நான் எழுத முடியாது. நீங்கதான் எழுதணும்."

அது எப்படி நாலானது என்று டிரைவருக்குத் தெரியும்.

ராணுவ மருத்துவமனையில் அவன் பதினாறு மாதம் கிடந்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவக் குழு உட்காரும். மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். வார்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். வலிக்குதா என்று கேட்டால், இல்லை சார். முடியுமா என்று கேட்டால், முடியும் சார். வலிக்கிறது என்று வாய்விட்டவனுக்கு அன்றே வீட்டுக்குப் போகும் தாள் தயாராகும். டிரைவர் நான்கு முறை "முடியும் சார்" சொன்னான். ஐந்தாம் முறையும் சொன்னான். தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வேலை போயிற்று. "முடியும் சார்" மட்டும் நாக்கில் தங்கிவிட்டது.

இன்றைக்கும் அதே கதை. பிசியோதெரபிஸ்ட் பந்தை முன்னால் நீட்டினார். எடுத்தான். வலப்பக்கம் நீட்டினார். எடுத்தான். இடப்பக்கம், தோள் உயரத்தில், ஒரு கை தூரத்துக்கு நீட்டி, "ரெண்டு கையாலயும் எடுங்க. முடியுமா?" என்றார். டிரைவர் மூச்சைக் கட்டினான். வலத்தொடையை நாற்காலிப் பட்டைக்கு அடியில் முட்டுக்கொடுத்தான். உடம்பை வீசிப் பந்தைப் பிடுங்கி, கண் இமைப்பதற்குள் நடுவுக்கு வந்துவிட்டான். முதுகுக்குள் எதையோ சொருகித் திருகியது போல இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை.

"முடியும் சார்."

புள்ளி குறையட்டும் என்று இல்லாத நோவை இருப்பதாகக் காட்டுகிறவர்களைப் பிசியோதெரபிஸ்ட் நிறையப் பார்த்திருப்பார். இருக்கிற நோவை விழுங்கிப் புள்ளியை ஏற்றிக்கொள்கிறவனைப் பார்த்திருக்க மாட்டார். பார்த்ததை எழுதிக்கொண்டார்.

பயிற்சி முடிந்து எல்லோரும் சக்கரங்களைக் கழற்றினார்கள். அந்தக் கூடம் முன்பு ஒரு லாரி கம்பெனியின் கிடங்காக இருந்தது. மரத்தரையில் நான்கு விளையாட்டுகளின் கோடுகள் நான்கு நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. மூலையில் காற்றுப் பம்பு, பஞ்சர் ஒட்டும் பசை, ஆணியில் தொங்கும் பழைய டியூப்கள். பெயிண்டர் ஒரு டியூபைத் தண்ணீர் வாளியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார்.

"நாலாமே," என்றார். "சந்தோஷமா?"

"விடுங்கண்ணே."

"என்கிட்டயும் கேட்டாரு, இடுப்பு ஆடுமான்னு. இடுப்புக்குக் கீழ வீடு காலி சார், ஆள் இருந்தா சொல்லுங்க, வாடகைக்கு விடலாம்னேன். சிரிக்காம ஒண்ணு போட்டாரு."

டிரைவரும் சிரிக்கவில்லை.

அணியில் ராணுவத்தைப் பார்க்காதவர் பெயிண்டர் ஒருவர்தான். கால் போனவர்கள் படையில் நிறையக் கிடைத்தார்கள். ஒன்று புள்ளிக்காரர் கிடைக்கவில்லை. டீச்சர் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். சாரக்கயிறு அறுந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தவர்.

"நீங்கள்லாம் நாட்டுக்காக விழுந்தவங்க," என்றார் பெயிண்டர். "நான் வெள்ளையடிக்கப் போய் விழுந்தவன். எனக்கு யாரும் சல்யூட் அடிக்கல. அதனால நிமிந்து உக்காரணும்னும் எனக்கு இல்ல."

"நான் என்ன பொய்யா சொன்னேன்? எடுக்கச் சொன்னாரு. எடுத்தேன்."

"ஒரு தடவை எடுத்த. ஆட்டத்துல எத்தனை தடவை எடுத்திருக்க?"

டிரைவர் பட்டையைச் சுருட்டினான். சுருட்டியதை அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

"மூணு மாசமா உன் இடப்பக்கம் வர்ற பந்தையெல்லாம் நான்தான் பொறுக்குறேன்," என்றார் பெயிண்டர். "ஒத்தப் புள்ளிக்காரன், நாலு புள்ளிக்காரனுக்குப் பந்து பொறுக்குறேன்."

"உங்களுக்குப் பக்கமா இருந்துச்சு. விட்டேன்."

"ஆமா. எல்லாமே எனக்குப் பக்கமாத்தான் இருந்துச்சு."

வாளியில் குமிழி வந்தது. பெயிண்டர் ஓட்டையைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டார்.

"தபால் நல்ல பையன்," என்றார். "ஆனா நீ ஓட்டுற மாதிரி அவன் ஓட்ட மாட்டான்."

வீடு தரைத்தளத்தில் இரண்டு அறை. மருத்துவமனையிலிருந்து வந்த பின் ஒன்றரை வருஷம் அவன் ஜன்னல் அருகே கிடந்தான். வெளியே போகும் லாரிகளைச் சத்தத்தை வைத்தே பிரித்தான். இது கிளட்ச் தேய்ந்தது. இது பாரம் அதிகம். இதற்கு இன்னும் ஒரு வாரம்தான். அதைத் தவிர அவனுக்கு வேலை இல்லை. சாப்பாடு வந்தது, சாப்பிட்டான். பேச்சு வந்தது, பதில் சொல்லவில்லை. ஒரு நாள் சமையல்காரர் ஒரு விளையாட்டு நாற்காலியோடு வாசலில் வந்து நின்று, "ஓட்டுறியா, இல்ல உக்காந்தே துருப்பிடிக்கிறியா?" என்று கேட்டார். அன்று சக்கரங்களைப் பிடித்தான். இரண்டாம் நாள் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மூன்றாம் நாள் பீரங்கியின் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே, தன் நாற்காலியைவிட நாலு விரல் அகலமான இடைவெளியில், பந்தோடு நுழைந்து வெளியே வந்தான். அன்றைக்குப் பீரங்கி கேட்டார்: "யாருடா இந்த டிரைவர்?" பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்த ஐந்து பேரில் ஒருவன். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டும். அதைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டிருந்தான்.

மனைவி எட்டு மணிக்கு வந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. விரல் நுனிகளில் எப்போதும் வெள்ளைத் தூள் இருக்கும். மேசையில் தாள் இருப்பதைப் பார்த்தாள். கை கழுவினாள். அவன் வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஆட்டத்தில் உங்களால் எதைச் செய்ய முடியவில்லை? அதற்குக் கீழே நான்கு கோடுகள்.

முதல் கோட்டில் அவன் எழுதியிருந்தான்: இடப்பக்கம் சற்றுச் சிரமம்.

அவள் படித்தாள். "சற்றா?"

"பின்ன என்ன எழுதணும்?"

"உங்களுக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் படிப்பது போலவே சொன்னாள். "சட்டை போடும்போது இடக்கை கடைசி. தும்மல் வந்தா முதல்ல சுவரைப் பிடிக்கிறீங்க. பாப்பா இடப்பக்கம் வந்து உக்காந்தா ஏதாவது சாக்கு சொல்லி வலப்பக்கம் அனுப்பிடுறீங்க. அவ சாஞ்சா தாங்க முடியாது, அதான். தூங்கும்போது இடப்பக்கம் தலகாணி. கட்டில்ல அந்தப் பக்கம் சுவர் இருக்கு, அதுக்கும் மேல தலகாணி."

"எவ்வளவு நாளா தெரியும்?"

"வீட்டுக்கு வந்த அன்னைக்கே."

"ஒரு வார்த்தை சொல்லல."

"நீங்க மறைச்சீங்க. நானும் மறைச்சேன். வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே வேலை."

அவன் பேனாவை வைத்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்பி ஜன்னலுக்குப் போனான். ஒரு லாரி போயிற்று. அது எதுவென்று அவன் யோசிக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து மேசைக்குத் திரும்பினான். எழுதியிருந்ததை அடித்தான். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தி எழுதினான்.

இடப்பக்கம் சாய்ந்தால் திரும்பி வர முடியாது.

மீதி மூன்று கோடுகள் காலியாக இருந்தன. அவள் கையெழுத்துப் போடும் இடத்தைச் சுட்டிக்காட்டினாள். அவன் போட்டான்.

"படிச்சா அசிங்கமா இருக்கு," என்றான்.

"படிக்கிறவர் டாக்டர் மாதிரி ஆளு. இதைவிட அசிங்கத்தைப் பாத்திருப்பாரு. சாப்பிட வாங்க."

வியாழக்கிழமை பயிற்சியில் டீச்சர் விஷயத்தைச் சொன்னார். மனு போய்ச் சேர்ந்துவிட்டது. தாளை வைத்து மாற்ற மாட்டார்கள். சனிக்கிழமை ஆட்டத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் அவன் இப்போது நாலு. அவன் உள்ளே போக வேண்டுமானால் பீரங்கி வெளியே வர வேண்டும், தபால் களத்திலேயே இருப்பான்.

"ரெண்டாவது கால் பகுதி, பத்து நிமிஷம்," என்றார் டீச்சர். "அதுக்கு மேல பீரங்கியை வெளிய வச்சா நம்மளைத் துவைச்சுக் காயப்போட்டுடுவாங்க."

பீரங்கி கழுத்தைச் சொறிந்தார். "இதுக்கு எதுக்கு பத்து நிமிஷம்? அவர் கண்ணு முன்னாடி ரெண்டு தடவை தொப்புனு விழு. முடிஞ்சுது."

"நடிச்சதா தெரிஞ்சா ரெண்டு வருஷம் வெளிய," என்றார் டீச்சர்.

"நடிக்க மாட்டேன்," என்றான் டிரைவர்.

"நடிக்காம எப்படிடா விழுவ?" என்றார் பீரங்கி. "நீதான் விழுறதே இல்லையே."

அது நிஜம். மூன்று மாதத்தில் எல்லோரும் விழுந்திருந்தார்கள். சமையல்காரர் முகத்தோடு விழுந்து பல் உடைத்துக்கொண்டார். வயர்லெஸ் வாரத்துக்கு ஒரு முறை கவிழ்ந்து, ஆமை மாதிரிக் கிடந்தபடியே பந்து கேட்பான். டிரைவர் மட்டும் ஒரு தடவைகூட விழவில்லை. எல்லோரும் அதைத் திறமை என்று நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

பெயிண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இடப்பக்கத்துப் பந்துக்குப் போ. மத்ததைத் தரை பாத்துக்கும்."

சனிக்கிழமை எதிரணி சிவப்புச் சட்டையில் வந்தது. நகரத்துப் பழைய கிளப். ஒருவரும் ராணுவத்தைச் சேர்ந்தவர் இல்லை. தலைவர் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். மூன்று வயதில் போலியோ வந்து, அன்றிலிருந்து சக்கரத்தில் இருப்பவர். நரைத்த மீசை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் எல்லோருக்கும் கை கொடுத்தார்.

"எத்தனை மாசமா ஓட்டுறீங்க?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"மூணு மாசம்."

"நான் நாப்பத்தொரு வருஷம்," என்றார். "கோச்சுக்காதீங்க."

முதல் பத்து நிமிஷத்தில் கோபித்துக்கொள்ளக்கூட நேரம் தரவில்லை. பீரங்கி உயரத்தை வைத்து எட்டுப் புள்ளி அடித்தார். சிவப்புச் சட்டைகள் பதினான்கு அடித்தன. சமையல்காரர் பெஞ்சைக் கடந்தபோது மூச்சு வாங்க, "கையும் ஓடலை, காலும் ஓடலை டீச்சர். கால் ஏற்கெனவே ஓடிப்போச்சு, கையை மட்டும் பாத்துக்கணும்," என்றார்.

விசில். பீரங்கி வெளியே. டிரைவர் உள்ளே.

பிசியோதெரபிஸ்ட் பக்கவாட்டுக் கோட்டில் மடிப்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை. டிரைவர் அவரைப் பார்த்தான். முதுகு தானாக நிமிர்ந்தது. அவனுக்கே தெரிந்தது. தளர்த்தினான். மறுபடி நிமிர்ந்தது.

முதல் பந்து இடப்பக்கமாக வந்தது. கை எழுந்தது. இடுப்பு எழவில்லை. உடம்பு பழக்கத்தில் சக்கரத்தை அரை வட்டம் திருப்பிப் பந்தைப் போக விட்டது. பெயிண்டர் எடுத்தார். போகும் வழியில் அவனைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

இரண்டாவது பந்தையும் விட்டான். பிசியோதெரபிஸ்ட் ஏதோ எழுதினார்.

மூன்றாவது பந்து கடிகாரக்காரர் கையிலிருந்து புறப்பட்டது. தாழ்வாக, டிரைவரின் இடக்கைக்கு ஒரு முழம் தள்ளி. மூன்று மாதமாக அவன் உடம்பு எதை வேண்டாம் என்று ஒதுக்கியதோ சரியாக அந்த இடத்தில். டிரைவர் யோசிக்கவில்லை. யோசித்தால் உடம்பு ஜெயித்துவிடும். இரண்டு கையையும் சக்கரத்திலிருந்து விட்டு, முழு உடம்பையும் இடப்பக்கம் எறிந்தான்.

பந்து விரலில் பட்டது. பிறகு தரை வந்தது.

நாற்காலியோடு சேர்ந்து, பட்டையோடு சேர்ந்து விழுந்தான். தோளும் காதும் ஒன்றாக அடித்தன. மரத்தரையின் மெழுகு வாசனை மூக்குக்குள் ஏறியது. நடுவர் விசில் அடித்தார். பார்வையாளர் வரிசையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவன் மனைவி மட்டும் எழவில்லை. பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தபாலும் சமையல்காரரும் நெருங்கினார்கள்.

"தொடாதீங்க," என்றான் டிரைவர் தரையிலிருந்து.

இடப்பக்கம் விழுந்தால் எப்படி எழுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. விழாமல் இருக்கத்தான் பழகியிருந்தான். கையை ஊன்றித் தள்ளினான். நாற்காலி பாதி எழுந்து திரும்பக் கவிழ்ந்தது. மறுபடி தள்ளினான். கவிழ்ந்தது. கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த உடம்பை அவன் யாருக்கும் காட்டியதில்லை. இப்போது நூறு பேருக்கு, விளக்கு வெளிச்சத்தில், இனாமாகக் காட்டிக்கொண்டிருந்தான். நாற்காலியோடு வயிற்றின்மேல் புரண்டான். இன்னும் ஒரு புரளல். வலப்பக்கம் வந்ததும் கையை ஊன்றி ஒரே தள்ளில் நிமிர்ந்தான். காதில் ரத்தம் கசிந்தது.

"ஆடலாமா?" என்றார் நடுவர்.

"முடியும் சார்," என்று வாய்வரை வந்தது. "போடுங்க பந்தை," என்றான்.

நாலு நிமிஷத்தில் மூன்று முறை விழுந்தான். இரண்டாவது முறை விழும்போது பந்தைச் சமையல்காரர் பக்கம் தட்டிவிட்டு விழுந்தான். சமையல்காரர் கூடையில் போட்டார். டிரைவர் அதைப் பக்கவாட்டில் பார்த்தான். கூடை சுவரில் படுத்திருந்தது. மூன்றாவது முறை எழும்போது வயர்லெஸ், "டேய், தரையை எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைடா," என்றான்.

கடிகாரக்காரருக்கு நாற்பத்தொரு வருஷக் கண். மூன்றாவது விழுதலுக்குப் பிறகு சிவப்புச் சட்டைகளின் எல்லாப் பந்தும் டிரைவரின் இடப்பக்கமாக வந்தது. இரக்கம் பார்க்கவில்லை. டிரைவருக்கு அது பிடித்திருந்தது. வெடித்த நாளிலிருந்து அவனைப் பார்த்து இரக்கப்படாமல் நடந்துகொண்ட முதல் மனிதர் இவர்தான். ஒருவர் போதாதென்று இரண்டு பேரை அங்கே நிறுத்தினார். அதனால் கூடைக்கு அடியில் பெயிண்டர் தனியாக நின்றார். ஒற்றைப் புள்ளிக்காரரை யாரும் கவனிக்கவில்லை. டிரைவர் கவிழ்ந்துகொண்டே அவருக்குப் பந்தைத் தள்ளினான். பெயிண்டர் நிதானமாக, சுவரில் கடைசிப் பூச்சுப் பூசுவது போல, கூடையில் வைத்தார்.

இடைவேளை விசில் அடித்தபோது மூன்று கூடைகள் பின்தங்கியிருந்தார்கள். பத்து நிமிஷத்துக்கு முன்னாலும் அதே மூன்றுதான். பீரங்கி இல்லாமலேயே இடைவெளி கூடவில்லை.

பிசியோதெரபிஸ்ட் அட்டையோடு பெஞ்சுக்கு வந்தார். டிரைவர் முதுகை நிமிர்த்தவில்லை. இடப்பக்கம் ஒரு கையை ஊன்றிச் சரிந்தபடியே இருந்தான்.

"மூணு," என்றார் அவர். "அடுத்த ஆட்டத்திலேருந்து. இன்னைக்கு நாலுதான்."

சமையல்காரர் கையைத் தூக்கினார். டீச்சர் பார்வையாலேயே அதைக் கீழே இறக்கினார்.

பிசியோதெரபிஸ்ட் போகவில்லை. "செவ்வாய்க்கிழமை ஏன் இதைக் காட்டல?"

"நீங்க முடியுமான்னு கேட்டீங்க சார்."

"கேட்டா?"

"எங்ககிட்ட அப்படிக் கேக்கக் கூடாது."

அவர் தாளின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டு போனார்.

டீச்சர் பெருமூச்சு விட்டார். "சரி. வந்த வேலை முடிஞ்சுது. வெளிய வாங்க. பீரங்கி, ரெடியாகுங்க."

"ரெடியாகி ரொம்ப நேரமாச்சு," என்றார் பீரங்கி. "உக்காந்து உக்காந்து சக்கரத்துல சிலந்தி கூடு கட்டிருச்சு."

டிரைவர் பட்டையைத் தளர்த்தவில்லை. இன்னும் ஒரு துளை உள்ளே தள்ளி இறுக்கினான்.

"காது கேக்கலையா?" என்றார் டீச்சர்.

"கேக்குது டீச்சர்."

"மூணு கிடைச்சாச்சு. அடுத்த வாரத்திலேருந்து அஞ்சு பேர்ல நீங்க ஒருத்தர். யாரும் உங்களைத் தள்ள முடியாது. இன்னைக்கு இன்னும் ரெண்டு தடவை விழுந்தா தோள் போயிடும். யாருக்கு லாபம்?"

பீரங்கி சக்கரத்தை முன்னால் உருட்டினார். டிரைவரின் காதைப் பார்த்தார். உலர்ந்த ரத்தம் கழுத்து வரைக்கும் கோடு போட்டிருந்தது. உருட்டியவர் அங்கேயே நின்றார். டீச்சரைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

எதிர்ப்பக்கத்தில் சிவப்புச் சட்டைகள் வட்டமாகக் கூடியிருந்தன. கடிகாரக்காரர் தன் இடது விலாவைத் தட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வட்டத்தில் இருந்த இரண்டு பேர் திரும்பி டிரைவரைப் பார்த்தார்கள். அவன் கையைத் தூக்கி, "இங்கதான்," என்பது போலத் தன் இடப்பக்கத்தைத் தானே தட்டிக் காட்டினான்.

நடுவர் விசிலை வாயில் வைத்தார்.

"என்னோட இந்தப் பக்கத்தை அவங்க பாத்துட்டாங்க, டீச்சர்," என்றான். "இனிமே எல்லா ஆட்டத்துலயும், எல்லாரும் இங்கதான் வருவாங்க. இன்னைக்கு நான் வெளிய போயிட்டா, அடுத்த வாரம் இதை மறைக்க எந்தப் பக்கம் திரும்பி உக்காரட்டும்?"